பிளொப்பிக்குள் கிடக்கும் கல்வெட்டுகள்

கல்வெட்டு என்றால் தமிழ்நாட்டாருக்கு அரசர் காலத்துக் கல்தான் ஞாபகம் வரும். எமக்கோ அது 31ம் நாளன்று வந்தவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முன்னால் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் வம்சாவளி. யார் யாருக்குப் பிள்ளை, எந்த ஊரில் கலியாணம் முடித்தவர் என்பதெல்லாம் அந்தக் கடைசிப் பக்கங்களில் இருக்கும். காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் இடப்பெயர்வில் தொலைத்துவிட்டு வந்த குடும்பங்களுக்கு இது சின்ன விசயமல்ல.

1990களில் ரொறன்ரோவில் அச்சான கல்வெட்டுகள் பல பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. புத்தகம் கைமாறிப் போய்விட்டது. பிளொப்பி மட்டும் அலுமாரியில் கிடக்கிறது. வேலையில்லாத சனி, ஞாயிறுகளில் நாம் நாலைந்து பேர் சேர்ந்து இவற்றைத் திறந்து கொடுத்து வருகிறோம். நாம் கணனி படித்தவர்களல்லர், தொழிற்சாலையில் மெசின் அடியில் நிற்பவர்கள். செய்து செய்து பிடிபட்டதையே இங்கே எழுதுகிறோம்.

பேஜ்மேக்கர் 1985இல் அல்டஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. 1994இல் அல்டஸ் அடோபியின் கைக்குப் போனது. 2001இல் வந்த 7ம் பதிப்போடு அதன் கதை முடிந்தது. இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் 6 முதலான கோப்புகளைத் திறந்தது. 2013இல் வந்த சிசி பதிப்பிலிருந்து திறப்பதில்லை. இதற்காகப் பழைய மென்பொருள் தேடி அலைய வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ், 2015இல் வந்த 4.4ம் பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்பு கொஞ்சம் குலையலாம்; எமக்கு வேண்டியது எழுத்து.

திறந்ததும் திரை முழுக்க ஆங்கில எழுத்துக்கள் தெரிந்தால் பயப்படவேண்டாம். கணனியில் பாமினி இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். பாமினியில் 'தமிழ்' என்பது உண்மையில் ஜே, கே, பீ, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. யூனிகோட்டில் அப்படியில்லை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த இலக்கம் உண்டு. ஆகவே எழுத்துருவை மாற்றினால் மட்டும் போதாது, மாற்றி ஒன்றினூடாக எழுத்தையே மாற்ற வேண்டும். என்எச்எம் கொன்வேட்டர் இதைச் செய்யும். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, க, அரவு என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் மூன்று தட்டு. யூனிகோட்டில் முதலில் க, பிறகு ஒரே குறி. இந்த இடமாற்றத்தையும் மாற்றியே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பெயர்களைக் கண்ணால் ஒத்துப் பார்க்காமல் விடக்கூடாது. அண்மையில் இங்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பம், 1990இல் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்த அம்மம்மாவின் கல்வெட்டை, இங்குள்ள பெரியப்பா வீட்டில் இருந்த பிளொப்பியோடு கொண்டுவந்தது. வம்சாவளியில் தலைப்புகள் வேறோர் எழுத்துருவில் இருந்தபடியால் அவை மட்டும் வாசிக்கமுடியாத குப்பையாக வந்தன. ஆங்கிலத்தில் அடித்திருந்த 'பீ.ஏ.' பட்டமும் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டது. பெரியப்பாவைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு பெயராக வாசித்துத் திருத்தினோம். வன்னியில் காணாமல் போன ஒரு மருமகனின் பெயர் வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தப் பெயர் அச்சிலிருப்பது அந்த ஒரு இடத்தில்தானாம். பக்கத்தில் நின்ற பேத்தி அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

படங்களைப் பற்றி ஒரு சொல். பெரிய படங்களைப் பேஜ்மேக்கர் பெரும்பாலும் தன் கோப்புக்குள் வைக்காமல், வெளியிலிருக்கும் கோப்பைச் சுட்டிக்காட்டுவதோடு விட்டுவிடும். பிளொப்பியில் இருப்பது 1.44 மெகாபைட், படக் கோப்பு அதற்குள் அடங்காமல் வேறு பிளொப்பியில் இருக்கக்கூடும். பெட்டியில் உள்ள அத்தனை பிளொப்பிகளையும் கொண்டுவாருங்கள். பெயர் ஒட்டாததையும் எறியவேண்டாம். அச்சுப் புத்தகம் ஒன்று கையில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒத்துப்பார்க்க வசதி.

முடிந்ததும் யூனிகோட் எழுத்தில் ஒன்று, பார்வைக்குப் பிடிஎப் ஒன்று என இரண்டு பிரதி தருவோம். குடும்பத்தார் சம்மதித்தால் மூன்றாவது பிரதி, 2005இல் தொடங்கி நினைவு மலர்களையும் சேகரித்து வரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குப் போகும். வம்சாவளியில் உயிரோடிருப்பவர்களின் பெயர்களும் இருக்கும், ஆகையால் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே அனுப்புகிறோம்.