சூடேறாத மின்சாரக் குக்கர்

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. பின்னலாடை நிறுவனங்களில் பணி முடித்து இரவில் வீடு திரும்பி, நோன்பு நாட்களில் ஸஹருக்கும் எழ வேண்டிய நம் பெண்களுக்கு மின்சாரக் குக்கர் ஒரு பேருதவி. அது திடீரெனச் சூடேற மறுத்தால், கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

முதலில் அதன் இயக்கத்தை அறிந்து கொள்ளுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் உள்ளவரை அதன் அடிப்பகுதி 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் வெப்பம் ஏறும். அப்போது தட்டின் நடுவிலுள்ள காந்தம் பிடி தளர, சுவிட்ச் தானே விடுபட்டு ‘வார்ம்’ நிலைக்குச் செல்லும். 1955ஆம் ஆண்டு ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானியங்கிக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு, தண்ணீரின் இந்த இயல்பே அடிப்படை.

இனி விளக்குகளைக் கவனியுங்கள். எந்த விளக்கும் எரியவில்லையா? அதே பிளக் பாயிண்டில் வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். அது இயங்கினால், குக்கரின் ஒயர் இருமுனைகளிலும் இறுகப் பொருந்தியுள்ளதா, கருகியுள்ளதா எனப் பாருங்கள்.

‘வார்ம்’ விளக்கு மட்டும் எரிகிறதா? பாத்திரம் சரியாக அமரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின் பாத்திரத்தை எடுங்கள். நோன்புக் கஞ்சி பொங்கி வழிந்து தட்டில் காய்ந்திருக்கலாம். ஒரு சோற்றுப் பருக்கை கூடப் பாத்திரத்தைத் தூக்கி நிறுத்திவிடும். ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, பாத்திரத்தை இருபுறமும் சற்றே திருப்பி அமர்த்துங்கள். அடி நெளிந்த பாத்திரத்தை மாற்றுவதே நலம். கஞ்சி காய்ச்சும்போது பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். திரையுள்ள மல்டி குக்கரில் பிழைக் குறி தோன்றினால், விளக்கக் கையேட்டைப் பாருங்கள்.

சமையல் விளக்கு எரிந்தும் தட்டு சூடேறவில்லையெனில் ஹீட்டர் சுருள் அறுந்திருக்கக்கூடும். பிளக் பாயிண்டும் ஒயரும் நன்றாயிருந்தும் விளக்கே எரியவில்லையெனில், உள்ளிருக்கும் தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம். இவை இரண்டும் மின் பணியாளரின் வேலை.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. சுவிட்ச் விடுபடாமல் சூடு மிகும்போது, ஒருமுறை உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும் காவலனே அந்தச் சிறு ஃபியூஸ். சிலர் அதை நீக்கி, வெறும் கம்பியால் இணைத்துத் தருகின்றனர். குக்கர் இயங்கும், ஆனால் காவல் இல்லை. அடுத்தமுறை சூடு மிகுந்தால் தீப்பற்றும் வரை எதுவும் அதை நிறுத்தாது. அதே வெப்ப அளவும் ஆம்பியரும் கொண்ட புதிய ஃபியூஸையே கேட்டு வாங்கிப் பொருத்தச் செய்யுங்கள். அது ஏன் உருகியது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உறங்கும்முன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுத்துவிட்டுப் படுப்பதும் அந்த அறிவுரையைப் பேணுவதே. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைக் காப்பானாக! ஆமீன்.