மெக்கானிக் ஷெட்டுக்கு இணையதளம்: எதை வைப்பது, எதை விடுவது

சென்னையில், வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ நீங்கள் கார் ஷெட் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய வாடிக்கையாளர்கள் விட்டுப்போகவில்லை. ஆனால் புதிதாகக் குடிவந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பதில்லை, செல்போனைத்தான் கேட்கிறார்கள். அதனால் இணையதளம் ஒன்று வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“கூகுள் மேப்பில்தான் கடை வருகிறதே, அது போதாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேப்பில் இன்னும் பதியவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அதற்குக் காசு கிடையாது. கடை உங்களுடையதுதானா என்று சரிபார்க்க, பெயர்ப்பலகை, தெரு, உள்ளே இருக்கும் கருவிகள் எல்லாம் தெரியும்படி வீடியோ கேட்கலாம். எடுத்து அனுப்பிவிடுங்கள்.

மேப், கடை எங்கே இருக்கிறது என்று சொல்லும். நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள், எப்படிக் காசு வாங்குவீர்கள் என்று சொல்லாது. இணையதளத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

யார் வந்து பார்ப்பார்கள்? இரண்டு பேரை மனத்தில் வைத்தால் போதும். ஒருவர், வண்டி நடுரோட்டில் நின்றுபோய், பின்னால் ஹாரன் சத்தத்தோடு போனைத் தடவுபவர். இன்னொருவர், போன தடவை எங்கோ ஏமாந்துவிட்டு, இந்த முறை வீட்டில் நிதானமாக உட்கார்ந்து தேடுபவர்.

முதல் ஆளுக்கு உங்கள் வரலாறு வேண்டாம். எண் வேண்டும். பக்கம் திறந்ததும் மேலேயே, தொட்டால் அழைப்பு போகும்படி இருக்க வேண்டும். பலர் விசிட்டிங் கார்டைப் படம் பிடித்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எண்ணுக்குக் கீழே எந்த நேரம் திறந்திருக்கும், எந்தெந்தக் கம்பெனி வண்டி பார்ப்பீர்கள், ரெக்கவரி வண்டி அனுப்புவீர்களா என்று மூன்று வரி போதும்.

பக்கம் சட்டென்று திறக்கவும் வேண்டும். செல்போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் பல எம்.பி. இருக்கும். அதை அப்படியே ஏற்றாமல், 200 கே.பி. அளவுக்குச் சுருக்கச் சொல்லுங்கள். தளம் தயாரானதும் வைஃபையை அணைத்துவிட்டு ரோட்டில் நின்று நீங்களே திறந்து பாருங்கள்.

இரண்டாவது ஆளுக்கு என்ன சொல்வது? அவருடைய பயம் ஒன்றுதான்: ஆயில் சர்வீஸுக்கு விட்டால் பெரிய பில்லாக வந்து நிற்குமோ? அதற்கு நேராகப் பதில் சொல்லும் ஷெட்டுகள் குறைவு. நீங்கள் சொன்னால் அதுவே உங்கள் விளம்பரம்.

“விலை போட்டால் எதிர்க்கடைக்காரர் குறைத்துப் போடுவாரே?” போடட்டும். எல்லா வேலைக்கும் விலை எழுத முடியாது. வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் ஆயில் சர்வீஸ், வீல் அலைன்மென்ட், ஏசி கேஸ் நிரப்புவது மாதிரி வேலைகளுக்கு, எந்த வண்டிக்கு எவ்வளவிலிருந்து தொடங்கும் என்று எழுதலாம். லேபர் தனியா, ஸ்பேர் சேர்த்தா, 18% ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சண்டை வருவது விலையால் அல்ல, சொல்லாமல் விட்ட இந்த வரியால்தான்.

கூடவே உங்கள் நடைமுறையையும் எழுதுங்கள். எஸ்டிமேட் வாட்ஸப்பில் வரும், சரி என்று பதில் வந்த பிறகே வேலை தொடங்கும், கழற்றிய பழைய பாகம் கையில் கொடுக்கப்படும். இதற்கு ஒரு படம் போதும்: தேய்ந்துபோன கிளட்ச் பிளேட், பக்கத்தில் புதுசு, இரண்டும் உங்கள் மேசை மேல். எழுதியதைச் செய்ய முடியாது என்றால் எழுதவே வேண்டாம்.

வெள்ளைக் கோட்டு போட்ட வெளிநாட்டுக்காரர் ஸ்பேனரோடு சிரிக்கும் படத்தை டிசைனர் போட வருவார். தடுத்துவிடுங்கள். ஆயுத பூஜையன்று ஷெட்டைக் கழுவி, ஸ்பேனர்களுக்குச் சந்தனம் வைத்து, பையன்களோடு எடுத்த படம் இருக்குமே, அதைப் போடுங்கள். வாடிக்கையாளர் வண்டி இருந்தால் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள்.

இன்னும் ஒரு பக்கம் எழுதலாம் என்றால் எதைப் பற்றி? உங்களுக்குத் தெரிந்து, ஊருக்குத் தேவைப்படும் ஒன்றைப் பற்றி. சென்னையில் அது மழைவெள்ளம். 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடிந்ததும் பலர் செய்யும் முதல் தவறு, சாவியைத் திருகிப் பார்ப்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. காற்றுதான் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) வளைந்து, கழுவித் துடைத்து முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை, இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காத பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: “ஸ்டார்ட் செய்யாதீர்கள், படம் எடுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள், பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.” இதைச் செப்டம்பரிலேயே ஏற்றிவிடுங்கள். மழை வந்த பிறகு உங்களுக்கு உட்கார நேரம் இருக்காது.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? இரண்டிலும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபிளெக்ஸ் போர்டு அடிப்பவர்கள் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிப்பார்கள். அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்தால் தளத்தில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். யூனிகோடில் (எல்லாக் கருவியும் படிக்கும் எழுத்து முறை) அடித்துத் தரச் சொல்லுங்கள்.

இனி, நான் அதிகம் வற்புறுத்துவது. டொமைன் (இணையத்தில் உங்கள் கடையின் பெயர்) யார் பேரில் பதிவாகிறது? எனக்குத் தெரிந்த ஒரு ஷெட்காரர் எல்லாவற்றையும் தளம் செய்த பையனிடமே விட்டுவிட்டார். பையன் வேலை கிடைத்து வெளியூர் போனான். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல் எல்லாம் அவன் மெயிலுக்குப் போய், பெயர் காலாவதியாகி, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். போர்டிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த முகவரி வீண்.

அதனால் உங்கள் பேர், உங்கள் மெயில், உங்கள் செல் எண்ணில் பதியுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். முதல் வருடத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. இன்று ஷட்டர் இறக்கும் முன், ஷெட்டில் வேலை பார்க்கும் பையனின் போனை வாங்கி, உங்கள் கடைப் பெயரைத் தேடி, அங்கே வரும் எண்ணைத் தொடுங்கள். உங்கள் சட்டைப் பையில் மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.