வலை கிழிந்த ஆடுகளம்

எங்கள் அடுகோடியில் காலை ஐந்தரை மணிக்கே ஓசூர் சாலையின் இரைச்சல் ஆரம்பமாகிவிடும். அதிலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்து நடப்பதற்கு, எங்கள் தெருக்கோடியில் உள்ள பொது மைதானத்தைத்தான் என்னைப் போன்ற முதியவர்கள் நம்பியிருக்கிறோம். மைதானத்தின் ஓரத்தில் ஒரு டென்னிஸ் ஆடுகளம் உண்டு. 'உண்டு' என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே தனியாகச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய மட்டை. பந்து நூல் பிரிந்து மொட்டையாகிவிட்டது. ஆனாலும் அடி ஒவ்வொன்றும் குறி தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் தாயார் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையல் வேலை செய்பவர். வேலை முடியும்வரை மகள் இங்கே இருப்பாளாம்.

"ஏம்மா, சுவரோட ஆடுறே? ஜோடி யாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஜோடி இருக்கா தாத்தா. நடுவுல வலைதான் இல்லை" என்றாள்.

அந்தப் பதில் அன்று முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆடுகளத்தின் நிலையைக் கொஞ்சம் சொல்கிறேன். வலை கிழிந்து, கிழிந்த துண்டும் காணாமற் போய், இரண்டு கம்பங்கள் மட்டும் துருப்பிடித்து நின்றன. தரையில் விரல் நுழையும் அளவு விரிசல். மழை பெய்தால் ஒரு மூலையில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கும். விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்கு எரியாது. கழிப்பறை உண்டு, பூட்டும் உண்டு. சாவி யாரிடம் என்பது பரம ரகசியம்.

இப்படிப்பட்ட ஆடுகளங்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. சிமெண்ட் அல்லது தார்த்தளத்தின்மேல் வண்ணப்பூச்சு அடுக்கு போட்டுத்தான் இவற்றை அமைக்கிறார்கள். மழைநீர் வடிவதற்காக, ஏறக்குறைய நூறடிக்கு ஓரடி என்ற கணக்கில் தளம் ஒரு பக்கம் சரிந்திருக்க வேண்டும். வடிகால் அடைபட்டால் நீர் தேங்கும். தேங்கிய நீர் பூச்சுக்குள் இறங்கி அதைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த இடத்தில் விரிசல், விரிசலில் புல், புல்லுக்குப் பின்னால் பக்கத்து மரத்தின் வேர். முதல் விரிசலிலேயே அடைத்திருந்தால் ஒரு மேஸ்திரியின் அரை நாள் வேலை. விட்டுவிட்டால் முழுத் தளத்தையும் பெயர்த்துப் போட வேண்டும். ஒழுகும் கூரையை ஓடு மாற்றாமல் விட்டவன் கதைதான்.

நான் ஆம்பூரிலிருந்து 1978இல் இந்த ஊருக்கு வந்தவன். மைக்கோ தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் அடுகோடி என்றால் மைக்கோ, மைக்கோ என்றால் அடுகோடி. 1951இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2008இல் 'பாஷ்' என்று பெயர் மாறியது. பழைய தொழிற்சாலை வளாகத்தில் 2022இல் தொழில்நுட்ப வளாகம் திறந்தார்கள். முன்பு எண்ணெய்க் கறையோடு வெளியே வந்தோம்; இப்போது கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் வருகிறார்கள். காலம் மாறத்தான் செய்யும்.

அந்த நாளில் எங்களுக்கு டென்னிஸ் தெரியாது. மாலையில் ஷிப்ட் முடிந்ததும் பூப்பந்துதான். மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். தஞ்சை அரச குடும்பத்தார் 1856ஆம் ஆண்டு வாக்கிலேயே இதை ஆடியதாகச் சொல்வார்கள். தமிழ் மண்ணில் பிறந்த ஆட்டத்தைக் கன்னட நண்பர்களோடு ஆடித்தான் நான் கன்னடமே கற்றுக்கொண்டேன். முதலில் கற்ற சொற்கள் எல்லாம் இங்கே அச்சிடத் தக்கவையல்ல என்பது வேறு விஷயம்!

டென்னிஸ் பணக்கார ஆட்டம் என்ற எண்ணம் நமக்கு உண்டு. ஆனால் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனார். அவர் மகன் ரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார். நம் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் வராது என்று யார் சொல்ல முடியும்? ஆடக் களம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது புதிதாக வந்திருப்பது பிக்கிள்பால். 1965இல் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துப் பெயின்பிரிட்ஜ் தீவில் குடும்பத்தார் பொழுதுபோக்காக ஆரம்பித்த ஆட்டம். துளை போட்ட பிளாஸ்டிக் பந்து, பலகை போன்ற மட்டை. களத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. இறகுப்பந்தின் இரட்டையர் களமும் அதே அளவுதான். முழங்கால் வலிக்காரர்களும் ஆடலாம் என்பதால் எங்கள் வட்டாரத்தில் பலர் அதற்குத் தாவிவிட்டார்கள். கணினி நிறுவனங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் அந்த டென்னிஸ் களத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். உடனே பழைய டென்னிஸ்காரர்களுக்குக் கோபம். எதிர்வீட்டுக்காரர்களுக்கோ 'டொக், டொக்' என்ற சத்தத்தால் தலைவலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்ச்சண்டையாகவே முற்றிவிட்டது.

நான் நடுவில் போய், "ஐயா, ரெண்டு பேருக்கும் வலை இல்லை, விளக்கு இல்லை, தரை இல்லை. இடிந்துபோன வீட்டுக்கு எதற்குப் பாகப்பிரிவினை?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உண்மையில் ஓரங்களையும் சேர்த்து 120 அடிக்கு 60 அடி இருக்கும் டென்னிஸ் களத்தில் நான்கு பிக்கிள்பால் களம் போடலாம். காலையில் ஒரு ஆட்டம், மாலையில் ஒரு ஆட்டம், இரவு எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று பேசி முடித்தால் தீர்ந்தது. அன்றுதான் எங்கள் சண்டை ஒருவரோடு ஒருவர் அல்ல என்பது எங்களுக்கு உறைத்தது.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். முதல் முறை அதிகாரி இல்லை. இரண்டாம் முறை நிதி இல்லை. மூன்றாம் முறை, "இது எங்கள் பிரிவு இல்லை" என்றார்கள். முறையிட மாமன்ற உறுப்பினரும் இல்லை. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. எந்த மேசையில் எங்கள் காகிதம் கிடந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்குள் ஒரு வதந்தி: களத்தைக் குத்தகைக்கு விட்டு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கப் போகிறார்களாம். "நல்லதுதானே, சுத்தமாக இருக்குமே" என்றார் ஒருவர். எனக்கு அந்தச் சிறுமியின் நினைவு வந்தது. வலை வரும், ஆனால் அவள் வாசலுக்கு வெளியே நிற்பாள். சென்னையில் 2024 அக்டோபரில் இப்படித்தான் மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். மக்கள் எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். வாய் திறந்தால் பலன் உண்டு என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய அத்தாட்சி இருக்கிறது. ராஜமகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. திறந்தவெளி என்பது அரசு தயவு பண்ணிக் கொடுப்பதல்ல. அது பறிபோனால் கேட்கும் உரிமை அங்கே வசிப்பவருக்கு உண்டு என்பது அதன் சாரம். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் வேறு காரியத்துக்குத் திருப்பக்கூடாது என்று 1985ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் நம்மவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? மனு எழுதியபோது நான்கு தமிழ் வீடுகளில் கையெழுத்துக் கேட்டேன். மூன்று வீடுகளில் ஒரே பதில்: "நாம பொழைக்க வந்தவங்க சார், நமக்கெதுக்கு வம்பு?" அவர்களில் ஒருவரின் பேரன் இங்கே பிறந்து, இங்கே படித்து, கன்னடத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன்! மூன்று தலைமுறை வரி கட்டிய பிறகுமா நாம் விருந்தாளிகள்? அந்த வெட்கத்தில் எனக்கும் பங்குண்டு. இத்தனை ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்தும், அந்த மைதானத்துக்காக நான் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர்தான் வழி காட்டினார். "மனு வேண்டாம் ஸார், மாஹிதி ஹக்கு போடுவோம்" என்றார். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தைத்தான் அப்படிச் சொன்னார். பத்து ரூபாய்க் கட்டணம். கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அவர் கன்னடத்தில் எழுதினார். நான் கீழே கன்னடத்திலேயே கையெழுத்துப் போட்டேன். களத்தின் பராமரிப்பு யார் பொறுப்பு, கடைசியாக எப்போது எவ்வளவு செலவழித்தீர்கள், குத்தகைத் திட்டம் உண்டா என்று மூன்றே கேள்விகள்.

பதில் வருவதற்கு முன்பே வலை வந்துவிட்டது! ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வந்து கட்டிவிட்டுப் போனார்கள். பிறகு வந்த பதிலில் குத்தகை பற்றி 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் இருந்தது. விரிசல் அப்படியே இருக்கிறது. விளக்கு எரியவில்லை. கழிப்பறைச் சாவி இன்னும் கிடைக்கவில்லை. மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை கையெழுத்துப் போட மறுத்த மூன்று வீடுகளில் இரண்டு வீட்டார் தாமாகவே வந்தார்கள்.

வாசகர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மைதானம் இருக்கும். அதன் வாசலில் பூட்டு தொங்குகிறதா என்று நாளைக் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். பத்து ரூபாய் பெரிய தொகையல்ல.

அந்தச் சிறுமி இப்போது வலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜோடியோடு ஆடுகிறாள். விரிசல் இருக்கும் மூலைக்குப் பந்து போனால் மட்டும் இருவரும் அதை விட்டுவிடுகிறார்கள்.