ஞாயிறு காலை பேசிய மொழி

இந்தியத் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமைக் காலை குழந்தைகளின் பொழுதாக ஆகி, பின்னர் மெல்லக் கரைந்துபோன கதையைத் திருவனந்தபுரத்திலிருந்து பார்த்தால், அந்தக் காலை எந்த மொழியில் பேசியது என்ற கேள்விதான் முதலில் எழுகிறது.

தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்பு 1985 ஜனவரி 1 அன்று இந்நகரில் தொடங்கியது. குடப்பனக்குன்னில் உள்ள அதன் நிலையத்தின் நிகழ்ச்சிகளுக்கு மாலைப் பொழுதுதான் வாய்த்தது. ஞாயிறு காலையோ தேசிய ஒளிபரப்பின் வசம், அதாவது டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியே வரும் ஒரே நிகழ்ச்சியை நாடெங்கும் உள்ள கோபுரங்கள் ஒரே நேரத்தில் மறு ஒளிபரப்புச் செய்யும் ஏற்பாட்டின் வசம் இருந்தது. 1987இல் தொடங்கிய ராமாயணமும் அதை அடுத்து வந்த மகாபாரதமும் வீட்டாரையெல்லாம் பெட்டியின் முன் உட்கார வைத்திருந்த அந்த வேளையை, 1993இல் ‘ஜங்கிள் புக்’ குழந்தைகளின் கையில் கொடுத்தது.

பம்பாயில் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங் மத்திய இந்தியக் காட்டைக் களமாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய மௌக்லி கதையை, ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989இல் 52 பகுதிகள் கொண்ட தொடராகத் தொடங்கியது. அதற்கு இந்தியில் குல்சார் பாட்டெழுத, விஷால் பரத்வாஜ் இசையமைக்க, புலி ஷேர்கானுக்கு நானா படேகர் குரல் கொடுத்தார். ஒரு மொழியின் பேச்சை நீக்கி இன்னொரு மொழியின் பேச்சைப் படத்தோடு பொருத்துவதே டப்பிங். ஜப்பானியத் தொடர்களில் வாயசைவை ஒவ்வோர் ஒலிக்கும் தனியாக வரையாமல், மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என்ற இரண்டு மூன்று வாய்களுக்குள் பெரும்பாலும் அடக்கிவிடுவதால், எந்த மொழியும் அவற்றுக்கு எளிதில் பொருந்திவிடும். எம்மொழிக்கும் இடம் கொடுத்த அந்த வாய் தேசிய ஒளிபரப்பில் இந்தி மட்டுமே பேசியது. கேரளப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பில்தான் இந்திப் பாடம் தொடங்குகிறது என்பதால், அதற்கும் சிறிய குழந்தைகள் படத்தையும் இசையையும் பற்றிக்கொண்டே கதையைத் தொடர வேண்டியிருந்தது. அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள் என்பதைப் படம் வரைந்தவர்களின் திறமைக்குச் சான்றாகக் கொள்ளலாமே தவிர, ஒளிபரப்பாளர்கள் காட்டிய அக்கறைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் வந்ததும், வாரம் முழுவதும் காத்திருந்து பெற்ற அரைமணி நேரம் நினைத்தபோதெல்லாம் கிடைக்கும் பண்டமாயிற்று. தமிழுக்கு 2007இல் சுட்டி டிவியும் மலையாளத்துக்கு 2011இல் கொச்சு டிவியும் தொடங்கப்பட்டபோது மொழிக்குறை தீர்ந்தது. ஆனால் ஊரே ஒருசேரப் பார்க்கும் காலை அதற்குள் கலைந்துவிட்டிருந்தது.

இதற்கிடையே திருவனந்தபுரத்தின் நிலையே மாறியிருந்தது. அங்குள்ள டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவில் 1999இல் தொடங்கப்பட்ட டூன்ஸ் அனிமேஷன் நிறுவனம் உருவாக்கிய தெனாலிராமன் தொடர் 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வெளிவந்தது. கையால் வரையும் அசைவுப்படத்தில், மூத்த ஓவியர் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வரைவார். அவை முதன்மைப் படங்கள். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தாளுக்குள் தெரியும் இரு கோடுகளுக்கும் நடுவே மூன்றாவது கோட்டை இழுப்பவர் இடைப்பட ஓவியர். பாட்டிமார் வாய்வழி வந்த விகடகவி, எங்கிருந்தோ வருவதை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஊரில் இப்படித் தாள் தாளாக எழுந்து நடந்தது, இந்த வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் என்றே சொல்ல வேண்டும்.

கலைந்த பொதுநேரம் ஒருமுறை திரும்பியது, பெருந்தொற்றுக் காலத்தில். 2005 ஜூலை 28 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்த விக்டர்ஸ் என்னும் அரசுக் கல்வி அலைவரிசை, பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 ஜூன் 1 முதல் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் வகுப்புகளை ஒளிபரப்பியது. தொலைக்காட்சியோ இணையமோ எட்டாத மாணவர்கள் 2.61 லட்சம் பேர் என்று அரசின் கணக்கெடுப்பு சொன்னதால், பொது இடங்களில் பெட்டிகளை வைத்து அவர்களுக்குப் பாடங்களைக் காட்ட வேண்டியிருந்தது. தமிழ்வழி மாணவர்களுக்கான பாடங்களும் தயாராயின. உயர்வகுப்புப் பாடங்கள் அன்றன்று மாலையிலேயே மறு ஒளிபரப்பாக, சிறு வகுப்புகளின் பாடங்களுக்கு ஒதுக்கப்பட்டவை சனியும் ஞாயிறும்.