30 ஆண்டு அடைபட்டுக் கிடந்த பெண் சிற்பி! இறந்த பிறகு கிடைத்தது மியூசியத்தில் இடம்

மனநோய் ஆஸ்பத்திரியில் 30 ஆண்டு அடைபட்டு இறந்துபோன பெண் சிற்பிக்கு, 8 ஆண்டு கழித்து, 1951-ல் பாரீஸ் ரோடின் மியூசியத்தில் கண்காட்சி நடந்தது. அவர் பெயர் கமீல் கிளாடல்.

தோழியும் குருவும்

இளம் வயதில் ஜெஸ்ஸி என்ற ஆங்கிலத் தோழியும் கமீலும் பாரீசில் ஒரே பட்டறையில் சிலை செய்தார்கள். அங்கே பாடம் சொல்ல வந்தவர்தான் பிரபல சிற்பி ரோடின். கமீலை விட 24 வயது மூத்தவர். பாடம் காதலானது. பிறகு முறிந்தது.

கமீலின் வெண்கலச் சிலை ஒன்றில், கிழவி ஒருத்தி ஓர் ஆணை இழுத்துப் போகிறாள். இளம்பெண் மண்டியிட்டுக் கை நீட்டிக் கெஞ்சுகிறாள். அது கமீலின் சொந்தக் கதை என்றே பலரும் பேசினார்கள்.

தாய் மறுத்தார்

1913-ல் தந்தை இறந்த சில நாளில் குடும்பத்தார் கமீலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். 1920-ல், வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் எழுதினார். தாய் மறுத்துவிட்டார். கடைசிவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேடி வந்தவர் பழைய தோழி ஜெஸ்ஸி. அது 1929-ல். கமீல் 1943-ல் அங்கேயே இறந்தார். பொதுக் குழியில் புதைத்தார்கள்.

தன் மியூசியத்தில் கமீலுக்கு இடம் தர ரோடின் 1914-லேயே சம்மதித்திருந்தார். 1952-ல் தம்பி, கவிஞர் பால் கிளாடல், அக்காவின் சிலைகளை அங்கே கொடுத்தார். மண்டியிட்ட பெண்ணும் அதில் ஒன்று.

இடம் கிடைத்துவிட்டது. பார்க்கத்தான் கமீல் இல்லை.