குடியை விட்டவருக்குத் துணை யார்?

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளிக்கிட்ட குடும்பங்களோடு பேசும்போது நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை ஒன்றுண்டு. செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த மனிதர். விடியப்புறம் இறைப்புக்கு எழும்பிப் பழகியவர். முகாமில் எழும்பினாலும் செய்வதற்கு வேலையில்லை. பின்னேரம் கூலி கிடைத்தால் கசிப்பு, கிடையாவிட்டால் கடனுக்குக் கசிப்பு. காணி விடுபட்ட பின்னர் சிலரோடு குடியும் சேர்ந்தே ஊர் திரும்பியிருக்கிறது.

இவர்களிற் பலர் குடியை ஒருபோதும் விடாதவர்கள் அல்லர். பல தடவை விட்டவர்கள். அந்தோனியார் முன்னிலையிலும், கோயிலில் கற்பூரம் கொளுத்தியும், பிள்ளையின் தலையில் கைவைத்தும் சத்தியம் பண்ணியவர்கள். ஒரு மாதம் போகும். பிறகு ஒரு செத்தவீடு, ஒரு பழைய கூட்டாளி. மனைவி மட்டும் துணை நின்று இதைத் தடுக்க முடியாது. ஏனெனில் அவர் என்ன சொன்னாலும் அது ஆய்க்கினையாகவே கேட்கும்.

1935ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்பவர் இப்படியொரு நிலையில் நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் தோற்றுவிட்டது, ஊரும் புதிது, கையிலும் காசில்லை. ஹோட்டலின் ஒரு பக்கத்தில் மதுச்சாலை. அவர் அங்கே போகாமல், தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குத் தொலைபேசி எடுத்தார். தன்னைப்போன்ற இன்னொரு குடிகாரரோடு பேசவேண்டும் என்பதே அவர் கேட்ட உதவி. அவ்வழியாகச் சந்தித்தவர் பொப் சிமித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். அவரும் குடியால் சீரழிந்துகொண்டிருந்தவரே. அந்த இருவரிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகெங்கும் உள்ள ‘அல்ககோலிக்ஸ் அனொனிமஸ்’, அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் கூட்டம். அதிற் சேரக் கட்டணம் இல்லை, சமயபேதமும் இல்லை. குடியை விடும் விருப்பம் ஒன்றே போதும். அங்கு பேசியது வெளியே போகாது. தறப்பாள் ஒன்றே சுவராக இருந்த முகாம்களில் வாழ்ந்த நமக்கு இந்தக் கடைசி விதியின் அருமை விளங்கும்.

கிராமத்துக்கு இது சரிவருமா என்று கேட்போருக்குத் தமிழ்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய சிகிச்சை நிலையம், 1989 முதல் அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடிக் கிராமத்திலேயே முகாம் நடத்தியது. வைத்தியரும் ஆலோசகர்களும் பதினைந்து நாள் அங்கேயே தங்கினார்கள். ஊரவர்கள் ஒத்தாசை செய்தார்கள். குடும்பத்தவருக்கும் ஆலோசனை கிடைத்தது. முகாம் முடிந்த பின்னரும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். குடித்த ஊரிலேயே, அயலவர் பார்த்திருக்கக் குணமானார்கள் என்பதுதான் எமக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கு என்ன செய்யலாம்? முதலில் வைத்தியசாலை. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக்கூடும். அதன்பின் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு பயப்படவும் கூடும். இது பேயுமல்ல, செய்வினையுமல்ல, உயிராபத்து. வீட்டில் வைத்து மறிக்காமல் யாழ். போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ கொண்டுபோக வேண்டும். குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் கறியில் கலக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் விழும், சாவும் நேரலாம். வைத்தியர் சொல்லி, அவரும் சம்மதித்தால் மட்டுமே அது மருந்து.

வீடு திரும்பும் நாளிலேயே, உளநலப் பிரிவில் ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்கட பக்கத்தில குடியை விட்ட ஆக்கள் கூடுற இடம் இருக்கோ?” பங்குத்தந்தையிடமும் கிராம சேவையாளரிடமும் அதையே கேளுங்கள். இல்லையென்றால், விட்ட ஒருவரும் விட விரும்பும் ஒருவரும் போதும். வாசிகசாலைத் திண்ணையோ ஆலய மண்டபமோ, கிழமைக்கு ஒரே நாள், ஒரே நேரம். பின்னேரம் நல்லது; தவறணைக்குக் கால் இழுக்கிற நேரம் அதுதான். பிரசங்கம் வேண்டாம். எம்மைப் போன்ற சங்கக்காரர் கதவைத் திறந்துவிட்டு, தேத்தண்ணி வைத்துவிட்டு, வெளியே போய்விடுவது உத்தமம்.

மறுபடி குடித்துவிட்டு வருபவரை எழுப்பி அனுப்பக்கூடாது. அடுத்த கிழமையும் அவருக்கொரு கதிரை இருக்கட்டும்.

மனைவியருக்கும் தனியே ஒரு கூட்டம் தேவை. வில்சனின் மனைவி லொயிஸ் 1951இல் அத்தகைய குடும்பங்களுக்கென ‘அல்-அனொன்’ அமைப்பைத் தொடக்கினார். கணவர் கூட்டத்துக்கு வராவிட்டாலும் மனைவி வரலாம். அடிதடி இருக்கும் வீடாயின், அன்றிரவு பிள்ளைகளோடு எந்த வீட்டுக்குப் போவது என்பதை அந்தப் பெண்கள் முன்கூட்டியே தமக்குள் பேசி வைத்திருக்கட்டும்.