உலக முடிவும் நதிகளின் தொடக்கமும்

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் பலர் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துச் சரிவைக் காண்பதற்காகவே செல்கின்றனர். காலடியில் ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்திற்கு மலை வீழும் அவ்விடத்தில் நெஞ்சம் நடுங்குவது இயல்பே. ஆயினும், அங்கு செல்லும் வழியில் நாம் கடக்கும் புல்வெளியின் பெருமையைச் சிலரே உணர்வர்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் இவ்வெளியைச் சுற்றிவரும் நடைபாதை சுமார் 9 கிலோமீற்றர் நீளமானது. வைகறையிற் புறப்படுதல் நன்று; முற்பகலிலேயே மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்துவிடும்.

வெளியின் ஓரங்களில் காற்றுக்கு வளைந்த குறுமரங்கள் பாசி போர்த்து நிற்கின்றன. தவழ்ந்துவரும் முகில் அவற்றிற் பட்டுத் துளியாகி நிலத்திற் சொட்டுகின்றது. மழையற்ற நாளிலும் இக்காடு இவ்வாறு நீர் சேர்க்கின்றது. கரிய மண் அதனை உறிஞ்சிவைத்து ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகின்றது. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று நதிகளுக்கும் இங்கே தலையூற்றுகள் உள. கொழும்பிலே களனி நீரைப் பருகுவோரும், மகாவலி பாயும் வயலின் நெல்லை உண்போரும் இவ்வெளிக்குக் கடன்பட்டவரே.

1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை இவ்வெளி தாங்குகின்றது. வழியிலுள்ள நீர்வீழ்ச்சிக்கோ வேட்டையாற் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கரின் பெயர். அக்காலத்து வேட்டைக்காரர் நாய்களை ஏவி மரைகளைத் துரத்தினர். யானைகள் இம்மேட்டிலிருந்து அற்றொழிந்தன. எனினும், தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்காது விடுமாறு 1873இல் ஆணை பிறந்தது. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் இது காக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைப் பரப்பினுள் அடங்கியது.

உலக முடிவிலிருந்து கீழே நோக்கினால் தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் தெரிகின்றன. ஒருகாலத்திற் காடாயிருந்த மலைச்சாரல்கள், நம்மவர் உழைப்பால் தேயிலை நிலமாயின. அம்மாற்றம் மேலேறாது நின்ற எல்லையிலேதான் நாம் நிற்கின்றோம்.

இன்று துப்பாக்கியின் அச்சம் நீங்கியது. ஆனால் விருந்தினரின் அன்பே தீங்காகின்றது. வாகனங்கள் நிற்குமிடத்திற்கு மரைகள் கூச்சமின்றி வருகின்றன. அவற்றிற்குத் தின்பண்டம் நீட்டி மகிழ்வோர் உளர். அவ்வாறு பழகிய விலங்கு புல்லை விட்டுக் குப்பையை நாடும், பொலித்தீனையும் விழுங்கும். வாயிலிலேயே காவலர் நம் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுவது இதன் பொருட்டே. அதனைத் தொல்லையெனக் கருதுதல் தகாது.

பாதையை விட்டு விலகிப் புல்லில் நடப்பதும் சிறு பிழையன்று. பலர் மிதித்த மண் இறுகும். இறுகிய மண்ணில் நீர் ஊறாது, வழிந்தோடும். ஊற்றுக்குச் சேரவேண்டிய நீர் அவ்வாறே வீணாகும். ஆதலின் பாதையோடே நடந்து, மரையைத் தொலைவில் நின்றே கண்டு, கொண்டுசென்றவற்றை மீளக் கொண்டுவருவோமாக.